கன்சாகுவின் கழுத்து

ஹிசானோ அக்காவுக்குக் கோணல் ஆகாது. ஊர்ச் சங்கக் கூட்டத்துக்கு வந்தால் வாசலில் கிடக்கும் எல்லார் செருப்பையும் குனிந்து ஜோடி சேர்த்து, மூக்கு வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சுவரில் நாட்காட்டி சாய்ந்து தொங்கினால் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து போய் நிமிர்த்துவார். எங்கள் ஊரான கமினாசேயில் பாதிப் பேருக்கு சசாக்கி என்றுதான் குடும்பப் பெயர். அதனால் ஒருவரை ஒருவர் சொந்தப் பெயர் சொல்லியே கூப்பிடுவோம். அவரை மட்டும் முதுகுக்குப் பின்னால் "மட்டப்பலகை" என்போம். அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் செருப்புகளைத் திருப்பி வைப்பார்.

நகராட்சி ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவர் அவர். நான் இசாவோ, சவ ஊர்தி ஓட்டுகிறவன். எங்கள் பழக்கம் இறந்தவர்கள் வழியாக வந்தது.

வீட்டில் யாரும் பார்க்காத நேரத்தில் ஒருவர் இறந்துபோனால் எங்கள் பக்கம் போலீஸ் வந்துவிடும். அறுத்துப் பார்ப்பதென்றால் மாகாணத் தலைநகரில் ஒரே ஒரு பேராசிரியர்தான். அவருக்கு நேரமும் இல்லை, அறுக்கக் கொடுக்க வீட்டாருக்கு மனமும் வராது. அதனால் ஸ்கேன். வெளிநோயாளிகள் வரும் முன்பே, விடியும்போது, பின்வாசல் வழியாக நான் கொண்டுபோய்விட வேண்டும். நோயாளிகள் படுக்கிற அதே மேசைதான் என்பதால் இந்த ஒளிவுமறைவு. ஊருக்கே இது தெரியும். தெரியாதவர்கள் மாதிரி வந்து படுத்து, மூச்சை அடக்கி, எழுந்து வீட்டுக்குப் போவார்கள்.

"இசாவோ, பனிச் சேறு! காலைத் தட்டிட்டு வா. இது என்ன உங்க மாமியார் வீடா?" என்பதுதான் அக்கா எனக்குச் சொல்லும் காலை வணக்கம். இறந்தவரிடம் குரல் மாறிவிடும். "கொஞ்சம் சில்லுனு இருக்கும், பொறுத்துக்கங்க" என்று சொல்லி, தலையை நடுவில் வைத்து, தோள்களைச் சமன்செய்து, முகம் கூரையைப் பார்க்க நேராகப் படுக்க வைப்பார். படம் சரியாக வர அது வேண்டும்தான். ஆனால் அக்காவுக்கு அது மரியாதையும் கூட. இப்படி ஒருவர் கையில் நானும் கடைசியில் போய்ச் சேர்ந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன்.

படம் முடிந்ததும் புகையில் வாட்டிய முள்ளங்கி ஊறுகாயும் தேநீரும் தருவார். சுமோ மல்யுத்தம் நடக்கும் நாட்களில் யார் யாரைத் தள்ளுவார்கள் என்று என்னோடு சண்டை பிடிப்பார். எங்கள் பக்கத்துப் பையன் ஒருவன் தோற்றுக்கொண்டே இருந்தான். அவனைத் தன் பிள்ளையைத் திட்டுவது போலத் திட்டுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்ட என் மனைவியிடம், "நேரா நடக்கிற ஆம்பளை கிடைக்கல" என்றாராம்.

குளிர்காலம் எங்கள் ஊரில் கழுத்துகளின் காலம். கூரைப் பனியைத் தள்ள ஏறும் கிழவர்கள் விழுவார்கள். விழுந்ததால் செத்தாரா, செத்ததால் விழுந்தாரா என்பதை வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் ஒரு பெண், "பனியைத் தள்ளுங்க, கதவு திறக்கல" என்று புருஷனை விரட்டினாள். அவர் ஏறினார், விழுந்தார். நான்தான் அனுப்பிக் கொன்றேன் என்று அவள் சோறு இறங்காமல் கிடந்தாள். அக்கா எடுத்த படத்தில் கழுத்து முழுசாக இருந்தது. மூளையில் ரத்தக் குழாய் வெடித்திருந்தது. மேலேயே உயிர் போயிருக்கிறது, வீட்டில் உட்கார்ந்திருந்தாலும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அவள் இன்னமும் ஒவ்வோர் இலையுதிர் காலத்திலும் அக்கா வீட்டுக்கு உலர்ந்த பெர்சிமன் பழம் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். செத்தவரைப் படம் எடுத்து என்ன ஆகப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

இனி கன்சாகு. முதுகெலும்பு கழுத்து வரை ஒன்றோடொன்று ஒட்டி, வளையாத மூங்கிலாக இறுகிப்போன மனிதர். தலை முன்னால் குனிந்தே இருக்கும். "என்ன கன்சாகு, சில்லறை ஏதும் கெடச்சுதா?" என்று ஊரே கேலி செய்யும். "கெடச்சா உனக்குச் சொல்வேனாடா?" என்பார் அவர். மகன் இறந்துபோய் வெகுகாலம். மருமகள் தொமியோதான் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். புருஷன் போன பிறகு அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஒரு விண்ணப்பம் போட்டால் புருஷன் வீட்டு உறவே அறுந்துவிடும், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. அவள் போடவில்லை. அதற்கும் ஊரில் ஒரு மாதிரியாகப் பேசினார்கள். நின்றாலும் குற்றம், போனாலும் குற்றம்.

பனிக்காலத்தின் நடுவில் ஒரு காலையில் கன்சாகு படுக்கையிலிருந்து பாதி சரிந்து, கன்னம் தரைப்பாயில் பட, இறந்து கிடந்தார். கன்னத்தில் ஒரு சிவப்பு. இறப்புச் சான்று எழுத டாக்டர் தயங்கினார், போலீஸ் வந்தது. மறுநாள் விடியலில் நான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். குளிரில் உடம்பு கட்டையாக விறைத்திருந்தது. கூடவே நுமாதா என்ற போலீஸ்காரர் வந்தார். தொமியோவும் வந்தாள், கையில் ஒரு துணி மூட்டையோடு.

"நீங்க வெளியிலேயே இருங்கம்மா" என்றார் நுமாதா.

"ஐயா, இதை மட்டும்..."

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

மேசையில் ஏற்றிவிட்டு நானும் நுமாதாவும் வெளியே வந்துவிட்டோம். வண்டிக் கண்ணாடியில் உறைந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். அக்கா வெளியே வந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை. தேநீர் தரவில்லை. "கெளம்பு" என்றார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தைத் தொலைவிலிருந்து படிக்கும் டாக்டர் அன்றே எழுதிவிட்டார்: கழுத்தின் கீழ்ப்பகுதியில் எலும்பு முறிந்து விலகியிருக்கிறது. எப்போது முறிந்தது என்று படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருந்தாராம். அந்த இரண்டாவது வாக்கியம் ஊருக்குள் வரவே இல்லை. முதல் வாக்கியம் மதியத்துக்குள் பல்பொருள் அங்காடியில் டோஃபு அடுக்குகிறவள் வரைக்கும் வந்துவிட்டது.

"படுத்த படுக்கையில யாருக்காச்சும் கழுத்து ஒடியுமா?"

"பாவம், பாத்துப் பாத்து அவளுக்கும் அலுத்திருக்கும்."

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. ஆனா..."

இந்த 'ஆனா' இருக்கிறதே, எங்கள் ஊரில் பனியைவிட அதிகமாக ஆட்களைக் கொன்றது அதுதான்.

தொமியோவைக் காவல் நிலையத்துக்கு அழைத்தார்கள். கைது இல்லை, விசாரணைதான். காலையில் போனவள் இருட்டிய பிறகு வந்தாள், மறுநாளும் போனாள். கன்சாகுவின் மகள் யுக்கியே சென்தாய் நகரத்திலிருந்து வந்து இறங்கினாள். புத்தாண்டுக்கு ஒரு பெட்டி இனிப்பு அனுப்புவதோடு சரி, அப்பாவைப் பார்க்க வந்து எத்தனையோ காலம். வந்ததும் அழுதாள், பொய் அழுகை என்று சொல்லமாட்டேன். அழுது முடித்து எங்கள் முதலாளியிடம், "போலீஸ் முடிவு சொல்ற வரைக்கும் அந்தப் பொம்பளைய அப்பா பக்கத்துல விடாதீங்க" என்றாள். கன்சாகு எங்கள் கம்பெனிக் குளிர் அறையில்தான் இருந்தார். அறுத்துப் பார்க்கத் தலைநகருக்கு அனுப்ப நாள் கேட்டிருந்தார்கள்.

அந்த இரண்டாம் நாள் விசாரணை முடிந்ததும் தொமியோ வந்து கதவருகே நின்றாள். "கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போயிடறேன் இசாவோ. ஊதுபத்தி மட்டும் ஏத்திட்டு..."

முடியாது என்று சொல்ல வேண்டியவன் நானாகிப் போனேன். அவள் தலை குனிந்து வணங்கிவிட்டுப் போனாள். எனக்கு வந்த கோபத்துக்கு ஊதுபத்திச் சாடியைத் தூக்கி யுக்கியேயின் காரில் எறிந்திருப்பேன். சம்பளம் வாங்குகிற கை, எறியவில்லை.

சாயங்காலம் ஹிசானோ அக்கா போன் செய்தார். "இசாவோ, கொஞ்சம் வந்துட்டுப் போ." போனால் தொலைக்காட்சியில் சுமோ ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் இல்லை. எங்கள் பக்கத்துப் பையன் அன்றைக்கு ஜெயித்துவிட்டான். அக்கா அதைப் பார்க்கக்கூட இல்லை.

"ஒடச்சது நான்தான்" என்றார்.

"எதை?" என்றேன்.

"பொணப் பையைத் திறந்தா அவர் தலை மேசையில படல. அந்தரத்துல நின்னுது. தலையணை இல்லாமயே யாரோ தூக்கிப் பிடிச்ச மாதிரி. அப்படியே எடுத்திருக்கலாம், படம் வந்திருக்கும். எனக்குப் பாக்கச் சகிக்கல. மனுசன் வாழ்நாளெல்லாம் தரையைப் பாத்தே நடந்தார், இப்பவாச்சும் நேரா வானத்தைப் பாத்துப் படுக்கட்டும்னு அழுத்தினேன். ஒரு சத்தம் கேட்டுது. விறைப்பு விட்டுதுன்னு நெனச்சேன். நெனச்சேன்னு சொல்றேன்... அந்தச் சத்தம் அது இல்லன்னு கைக்குத் தெரிஞ்சிருச்சு."

எந்த உடம்பையும் அளவு பார்ப்பதற்காக முதலில் பக்கவாட்டில் ஒரு படம் எடுப்பார்கள். அழுத்துவதற்கு முன் எடுத்த அந்தப் படத்தில் கழுத்து ஒரே துண்டாக இருக்கிறதாம். அதற்குப் பிறகு எடுத்த எல்லாவற்றிலும் இரண்டு துண்டு. தொலைவில் இருக்கும் டாக்டருக்கு அந்த அளவுப் படத்தை யாரும் அனுப்புவதில்லை.

"ஆஸ்பத்திரி மேலாளர்கிட்டச் சொன்னேன். 'பேசாம இருங்க, பேராசிரியர் அறுத்துப் பாத்தா ரத்தக்கட்டு இல்ல, செத்தப்புறம் ஒடிஞ்சதுன்னு அவரே சொல்லிடுவார், தொமியோவையும் விட்டுடுவாங்க. நாமளே பொணத்தோட கழுத்தை ஒடச்சோம்னு சொன்னா இந்த ஆஸ்பத்திரி வாசல்ல எவன் கால் வைப்பான்'ங்கறார்."

"அவர் சொல்றதும்..." என்று ஆரம்பித்தேன்.

"அறுக்கறதுக்கு இன்னும் நாலஞ்சு நாள் ஆகுமாம். அதுவரைக்கும் அவ கொலைகாரி. அப்புறம் கன்சாகுவை என் தப்புக்காகக் கிழிக்கணும்." அக்கா கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எனக்குப் பயமா இருக்கு இசாவோ. வேலை போயிடும்னு பயமா இருக்கு. இதை விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

நான் ஆறுதல் சொல்லத் தெரியாதவன். "தொமியோ இன்னிக்கு ஊதுபத்தி ஏத்த வந்தா. நான் உள்ள விடல" என்று நடந்ததைச் சொன்னேன். அக்கா எழுந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். என் வண்டியிலேயே காவல் நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டேன். சவ ஊர்தியில் வந்து இறங்கியதைப் பார்த்து வாசல் காவலர் பதறி எழுந்தார்.

நுமாதா கத்தியது வெளியில் எனக்குக் கேட்டது. "முந்தா நாளே சொல்றதுக்கு என்ன? அந்தம்மாவை ரெண்டு நாளா நான் கேக்காத கேள்வியே இல்ல!"

தலைநகரத்துப் பேராசிரியர் தொலைபேசியில் சொன்னாராம்: அறுப்பதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுங்கள், உயிரோடு இருக்கும்போது முறிந்திருந்தால் சதைக்குள் ரத்தம் கசிந்திருக்கும், இல்லையென்றால் இருக்காது, அளவுப் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், நானே பார்க்கிறேன். மேலாளர் வேறு ஆளை வைத்து எடுக்க நினைத்தார். வேறு ஆள் இல்லை. ஆகவே மறுநாள் விடியலில் அதே பின்வாசல், அதே கன்சாகு, அதே நுமாதா. நடைக்கூடத்தில் அதே மூட்டையோடு தொமியோ.

அக்கா அறைக்குள் போகவில்லை. நேராகத் தொமியோ முன்னால் வந்து, என் பூட்ஸிலிருந்து உருகிய சேற்றிலேயே மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் குனிந்தார். "நான்தான் ஒடச்சேன். மன்னிச்சுக்கங்க."

தொமியோ பின்னால் நகர்ந்தாள். நுமாதா முந்தைய நாளே அவளுக்கு விஷயத்தைச் சொல்லியிருந்தார். எழுந்திருங்க என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"நான் இங்கதான நின்னேன்" என்றாள். "கதவுக்கு இந்தப் பக்கம். இதுல அவரோட தலையணை. உமி தலையணை ரெண்டு, மேல ஒரு துண்டு மடிச்சு வைக்கணும். அப்பத்தான் அவர் தலை நிக்கும். ஒரு துண்டு கொறஞ்சாலும் 'ஏ தொமியோ, என்னைக் கொல்லப் பாக்கறியா'ன்னு கத்துவார். தெனமும் நான்தான வைப்பேன். ஒரு வார்த்தை... எப்படிப் படுப்பார்னு ஒரு வார்த்தை என்கிட்டக் கேட்டிருக்கலாமே. ஸ்டேசன்ல என்னென்னவோ கேட்டாங்க. அதை மட்டும் யாரும் கேக்கல."

நுமாதா சுவரைப் பார்த்தார். அக்கா தரையிலிருந்து தலையைத் தூக்காமலே இரண்டு கைகளையும் நீட்டினார். கொஞ்ச நேரம் கழித்துத் தொமியோ அந்த மூட்டையை அந்தக் கைகளில் வைத்தாள்.

கழுத்தைச் சுற்றி ஒரு துளி ரத்தக் கசிவு இல்லை. இறந்த பிறகுதான் முறிந்திருக்கிறது. இதயத்தைச் சுற்றிய உறைக்குள் ரத்தம் நிறைந்து, இதயம் துடிக்க இடமில்லாமல் நின்றிருக்கிறது. அது முதல் நாள் படத்திலேயே இருந்ததாம், டாக்டர் எழுதியும் இருந்தாராம். உடைந்த கழுத்தைப் பார்த்த பிறகு இதயத்தைப் பார்க்க யாருக்குத் தோன்றியது? கன்சாகுவை அறுக்காமலே அனுப்பிவிட்டார்கள்.

எரியூட்டிய பிறகு வீட்டார் குச்சியால் எலும்பு பொறுக்கும் சடங்கில் யுக்கியே மன்னிப்புக் கேட்கவில்லை. மூங்கில் குச்சிகளில் ஒரு ஜோடியைத் தொமியோ பக்கம் நகர்த்தினாள், அவ்வளவுதான். தொமியோ தன் பங்கை எடுத்துச் சாடியில் வைத்தாள், அழவில்லை. ஊர் அதையும் குறித்துக்கொண்டது. பனி உருகியதும் அவள் உறவை அறுக்கும் அந்த விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, கடலோரம் இருக்கும் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்கும் அந்த வீட்டை 'கழுத்து முறிந்த வீடு' என்றுதான் சொல்கிறார்கள். முறித்தது யார் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் 'ஆனா' என்கிறார்கள். அக்காவைப் பற்றி ஒருவரும் தப்பாகப் பேசவில்லை. அதுதான் அவரைத் தின்றது. "என்னை நாலு வார்த்தை திட்டினாத் தேவல" என்றார் ஒருமுறை.

அக்காவிடம் நடந்ததை எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு கண்டிப்போடு மேலாளர் விட்டுவிட்டார். விடியலில் வந்து இறந்தவரோடு தனியாக நிற்க வேறு யாரும் முன்வரவில்லை என்பதுதான் காரணம்.

நெல் நாற்று நடும் சமயத்தில் ஒரு வயதான அம்மாளைக் கொண்டுபோனேன். குளியல் தொட்டியில் இறந்துகிடந்தவர். பல நாள் கழித்து, கதவு இடுக்கில் செய்தித்தாள் குவிந்ததைப் பார்த்துப் பக்கத்து வீட்டார் சொல்லித்தான் தெரிந்ததாம். டோக்கியோவிலிருந்து இரண்டு மகன்களும் ஒரு மகளும் கறுப்பு உடையில் வந்து நடைக்கூடத்தில் நின்றார்கள். அக்கா கதவைத் திறந்து வெளியே வந்து கும்பிட்டார்.

"ஒரு விஷயம் கேக்கணும். அம்மா எப்படித் தலை வச்சுப் படுப்பாங்க? உயரமாவா, தாழ்வாவா? ஒருக்களிச்சா?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன், "நீ சின்ன வயசுல அம்மா கூடப் படுப்பியே" என்றான். தங்கை, "எனக்கு எங்க ஞாபகம்" என்றாள். இளையவன் கைப்பேசியை எடுத்தான், யாருக்கோ அடிக்கப்போவது போல. யாருக்கு என்று அவனுக்கே தெரியவில்லை, மறுபடி பையில் வைத்துக்கொண்டான்.

அக்கா காத்திருந்தார். நானும் காத்திருந்தேன். கடைசியில் அவர், "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்று உள்ளே போய், அந்த அம்மாள் கிடந்தபடியே படம் எடுத்தார். கழுத்தில் ஒன்றுமில்லை. தொமியோவை இரண்டு நாள் குடைந்த நுமாதா அந்த மூவரிடமும் ஒரு கேள்விகூடக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.